கிறிஸ்துமஸ் விடுமுறையில் நோயாளிகளுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் இந்தக் கேள்விகள் என்னிடம் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒரு சிறு குழுவோடு சில ஆண்டுகளாக வார்டுகளுக்குப் போய்வரும் அனுபவத்தில், நாங்கள் செய்த பிழைகளையும் சேர்த்து, விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விதிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். இங்கே எழுதியிருப்பதும் வார்டில் இருக்கும் செவிலியர் சொல்வதும் முரண்பட்டால், செவிலியர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை நாளில் வீட்டை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் எதுவும் இல்லை. நோயுற்றவரைச் சென்று பார்ப்பதைக் கிறிஸ்தவ மரபு வெறும் நற்செயலாக மட்டும் கருதவில்லை; மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், நோயாளியைப் பார்க்க வந்தவர் தம்மையே பார்க்க வந்தவர் என்று இயேசு சொல்வதாக வருகிறது. பலருக்கு அதுவே போதிய காரணமாக இருக்கிறது.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு. பண்டிகை நெருங்கும்போது, வீட்டுக்கு அனுப்பக்கூடிய நிலையில் உள்ளவர்களை மருத்துவமனைகள் கூடுமானவரை அனுப்பிவிடுகின்றன. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளும் தள்ளிப்போகின்றன. ஆகவே 25ஆம் தேதி படுக்கையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நோய் கடுமையாக உள்ளவர்கள், அல்லது அழைத்துப்போக ஆள் இல்லாதவர்கள். வார்டு பாதி காலியாக இருக்கும். அந்த வெறுமையை அன்று அங்கே போய்ப் பார்த்தால்தான் புரியும். முழு நாளையும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் போதும்.

அங்கே எனக்கு யாரையும் தெரியாது. நேராகப் போய் நின்றால் உள்ளே விடுவார்களா?

பெரும்பாலும் விடமாட்டார்கள், விடாமல் இருப்பதும் சரியே. நோயாளிகளின் பாதுகாப்பும் அந்தரங்கமும் அவர்களுடைய பொறுப்பு. தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர், மருத்துவ சமூகப் பணியாளர், மதகுருவின் அலுவலகம், மக்கள் தொடர்புப் பிரிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அநேகமாக எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கும். அங்கே தொடங்குங்கள்.

நவம்பர் நடுவிலேயே கேட்டுவிடுவது நல்லது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஊழியர் பலர் விடுப்பில் இருப்பார்கள். இருப்பவர்களுக்கு வேலை இரட்டிப்பு. அந்த நேரத்தில் பைகளோடு போய் நின்று “எந்த வார்டுக்குப் போகலாம்?” என்று கேட்பது, உதவ வந்தவர் இன்னொரு வேலையைக் கொண்டுவந்து தலையில் ஏற்றுவதாகும்.

நோயாளிகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

படுத்த படுக்கையாகப் பத்து நாள் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். பட்டியல் தானாக வரும். மின்இணைப்பு கட்டிலுக்கு எட்டாது என்பதால் நீளமான சார்ஜர் கம்பி. இரவெல்லாம் விளக்கும் கருவிகளின் ஒலியும் ஓயாது என்பதால் காது அடைப்பானும் கண் மறைப்பும். குளிரூட்டிய அறையிலும் ஆக்சிஜன் குழாய் மாட்டிய முகத்திலும் உதடு வெடிக்கும் என்பதால் மணமில்லாத உதட்டுத் தைலம். ஆனால் ஆக்சிஜன் செலுத்தப்படும் நோயாளிக்குப் பெட்ரோலியம் கலந்த தைலம் கூடாது, நீர் அடிப்படையிலானதே ஏற்றது. அடியில் வழுக்காப் பிடிப்புள்ள காலுறை, பெரிய எழுத்தில் அச்சான புத்தகம், குறிப்பேடும் பேனாவும். மருத்துவர் சொன்னதையும் மருத்துவரிடம் கேட்க நினைத்ததையும் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு எவ்வளவு உதவும் என்பதை நோயாளிகளே எங்களிடம் சொன்னார்கள்.

நோயாளியோடு தங்கியிருப்பவரை மறந்துவிடாதீர்கள். நாற்காலியில் தூங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு, மாற்றுடை இல்லாமல் இருப்பவர் அவர்தான். பல் துலக்கி, பற்பசை, துண்டு, சோப்பு அடங்கிய ஒரு சிறு பை அவருக்குப் பெரிய உதவி. எங்கள் பைகளில் இப்போது பாதி அவர்களுக்கானவை.

வீட்டிலேயே செய்த கேக் கொண்டுபோகலாமா? கடையில் வாங்குவதைவிட அது நல்லதுதானே?

அன்பு கூடுதல், ஐயமில்லை; ஆனால் நோயாளியின் கையில் நேரடியாக எந்த உணவையும் கொடுக்காதீர்கள். மறுநாள் காலை அறுவை சிகிச்சை உள்ளவர் மயக்கமருந்துக்கு முன் குறைந்தது 6 மணி நேரம் திட உணவு இல்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த ஒரு துண்டினால் அவருடைய சிகிச்சையே தள்ளிப்போகலாம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குக் கொட்டைப் பருப்புகளிலும் சாக்லேட்டிலும் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் சுமை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். உலர்ந்த துகள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சில மருந்துகளோடு பம்பளிமாஸ் வகைப் பழமான கிரேப் ஃப்ரூட் சேரக்கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. நீரிழிவைச் சொல்லவே வேண்டியதில்லை.

செய்த கேக்கை வீணாக்க வேண்டாம். மருத்துவமனை அனுமதித்தால், என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதி ஒட்டி, இரவுப் பணியில் உள்ள ஊழியர்களுக்கும் உடன் தங்கியிருப்பவர்களுக்கும் கொடுங்கள். பகலில் வந்து குவிவதெல்லாம் பகல் பணியாளர்களோடு தீர்ந்துவிடும். இரவு 2 மணிக்கு விழித்திருப்பவரை யாரும் நினைப்பதில்லை.

பூ கொண்டுபோவதுகூடத் தவறா?

பொதுவார்டில் சில இடங்களில் அனுமதி உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு, உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பிரிவு ஆகியவற்றில் அநேகமாகக் கிடையாது. பூச்சாடியின் தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகும். தொட்டிச்செடியின் மண்ணில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நமக்கு அவை ஒன்றும் செய்யா. வெள்ளணுக்கள் குறைந்தவருக்கு நுரையீரல் தொற்றாக முடியும்.

இதே வரிசையில் வேறு சிலவும் உண்டு. ரப்பர் பலூன்கள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. வெடித்த துண்டு சிறுகுழந்தையின் தொண்டையை அடைக்கும். வாசனைத் திரவியம் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலையும், புற்றுநோய் மருந்து எடுப்பவருக்குக் குமட்டலையும் தரும். போகிற நாளில் நீங்களும் பூசிக்கொள்ளாதீர்கள். மெழுகுவர்த்தியை நினைக்கவே வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் ஒரு சிறு சுடரும் பெருந்தீயாகும்.

குழந்தைகள் வார்டுக்குப் பொம்மை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

புதியதாக இருக்க வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பரப்பு இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை ஆசையாக வைத்திருந்த பழைய கரடிப் பொம்மையில் எவ்வளவு பாசம் இருந்தாலும், அதன் பஞ்சில் கிருமியும் இருக்கும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிறு பாகங்கள் கழன்று வரும் எதுவும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டன் பேட்டரி. பாடும் அட்டைகளிலும் மின்னும் பொம்மைகளிலும் காசு வடிவில் இருக்கும் அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான தீப்புண்ணை உண்டாக்கிவிடும். பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்டிராத எதையும் வாங்காதீர்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளைகளை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொம்மை மலைபோல் குவியும். அதன் நடுவே ஒரு வளரிளம் பையன் கைபேசியைப் பார்த்தபடி திரும்பிப் படுத்திருப்பான். காதொலிப்பான், ஓவியம் வரையும் பொருள்கள், நல்ல சீட்டுக்கட்டு, நூறு துண்டுகளுக்கு மேல் உள்ள படப்புதிர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அவனுக்காகப் பையில் இருக்கட்டும்.

பரிசை அழகாகச் சுற்றிக் கொடுத்தால்தானே பரிசு?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதல் ஆண்டு ஒரு முழு இரவு உட்கார்ந்து அறுபது பொட்டலங்களைச் சுற்றினோம். மறுநாள் வரவேற்பறையில், உள்ளே இருப்பது என்ன என்று பார்க்காமல் அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அறுபதையும் அங்கேயே உட்கார்ந்து பிரித்தோம். அவர்கள் மீது பிழை இல்லை. மேலே சொன்ன பேட்டரியையும் சிறு பாகங்களையும் யாராவது பார்த்துத்தானே ஆகவேண்டும்?

பரிசைச் சுற்றாமல் கொடுங்கள். வண்ணத்தாளையும் ஒட்டுநாடாவையும் தனியே சேர்த்துக் கொடுங்கள். பெற்றோர் தாமே சுற்றித் தம் பிள்ளையிடம் கொடுப்பார்கள். இதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது. அதைப் பின்வரும் விடையில் சொல்கிறேன்.

நோயாளி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டால் என்ன செய்வது? மனம் புண்படுகிறதே.

வாங்கி வாருங்கள் என்று அவர் உங்களிடம் கேட்கவில்லையே. நீங்கள்தான் கொடுக்க வந்தீர்கள். மருத்துவமனையில் ஒருவரால் மறுக்க முடிந்தவை மிகக் குறைவு. ஊசி எப்போது, குளியல் எப்போது, விளக்கை அணைப்பது எப்போது என்பவற்றையெல்லாம் பிறர் முடிவு செய்கிறார்கள். அந்த நிலையில் ஒரு நாள் ஓர் அந்நியரிடம் “வேண்டாம்” என்று சொல்ல முடிவதே அவருக்குக் கிடைத்த ஒரு உரிமை. புன்னகையோடு “சரி ஐயா, தொந்தரவுக்கு மன்னியுங்கள்” என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். ஏன் வேண்டாம் என்று கேட்காதீர்கள்.

இருந்தாலும், மறுப்புகள் அடிக்கடி வருகின்றன என்றால் நாம் கொடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். ஒருமுறை, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த ஓர் அம்மா, எங்கள் பையைத் தொடக்கூட இல்லை. சற்று நேரம் கழித்து, “எனக்கு எதுவும் வேண்டாம் தம்பி. சாயங்காலம் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை” என்றார். நாங்கள் அத்தனை ஆண்டுகளும் நோயாளிகளை வாங்குபவர்களாக மட்டுமே பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. குடும்பத்தில் எல்லாருக்கும் கொடுத்தே பழகிய ஒருவருக்குப் பண்டிகை நாளில் வெறுங்கையோடு கிடப்பது நோயைவிடப் பெரிய வேதனையாக இருக்கக்கூடும்.

அன்றுமுதல் ஒரு தள்ளுவண்டியை வார்டுக்குள் கொண்டுபோகிறோம். பிள்ளைகளுக்கான பொருள்கள், பெரியவர்களுக்கான பொருள்கள், வாழ்த்து அட்டை, வண்ணத்தாள் எல்லாம் அதில் இருக்கும். நோயாளி தம் வீட்டாருக்காகத் தாமே தேர்ந்தெடுப்பார். கை நடுங்கினால் நாங்கள் பிடித்துக்கொள்ள, அவரே சுற்றுவார். பெயரை அவரே எழுதுவார். கொடுத்தவர் பெயர் அந்தப் பாட்டி, அந்த அப்பா, அந்த அண்ணன். எங்கள் பெயர் எங்கும் வராது. நீங்கள் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கட்டில் அருகே போய் நின்றபின் என்ன பேசுவது?

செவிலியத்தை ஒரு தொழிலாக நிலைநிறுத்திய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859இல் வெளியான தம் செவிலியக் குறிப்புகளில், பார்க்க வருபவர்கள் அள்ளிவீசும் வெற்று நம்பிக்கைக்கும் அறிவுரைக்கும் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். “எல்லாம் சரியாகிவிடும்” என்பதை அவர் ஆறுதலாகக் கருதவில்லை. தன் நிலையைத் தானே அறிந்த நோயாளியை அது மேலும் தனிமைப்படுத்துகிறது என்பது அவர் கருத்து. கட்டிலில் சாயாதீர்கள், உட்காராதீர்கள், அதை அசைக்காதீர்கள் என்றும், நோயாளி கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் அமர்ந்து பேசுங்கள் என்றும் அவர் சொன்னவை இன்றும் ஒரு சொல் மாறாமல் பொருந்தும்.

பெயரைச் சொல்லி, வந்த காரணத்தைச் சொல்லி, “கொஞ்ச நேரம் உட்காரலாமா?” என்று கேளுங்கள். என்ன நோய் என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாமாவுக்கும் இதே நோய் வந்தது என்ற கதை வேண்டவே வேண்டாம். நாட்டு மருந்து பரிந்துரைப்பதும் வேண்டாம். ஊர், வேலை, சன்னலுக்கு வெளியே தெரியும் மரம் என எதையும் பேசலாம். பத்து நிமிடம் நல்ல அளவு. அவர் கண்ணை மூடினால் எழுந்துவிடுங்கள்.

பாட்டுக் குழுவைக் கூட்டிப்போகலாமா? கிறிஸ்துமஸ் தாத்தா வேடம்?

பாடலாம், குறைவாக. வார்டுகளில் இரவு நேர ஒலி சராசரியாக 30 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60 டெசிபெல். இருபது பேர் மேளத்தோடு பாடினால் எத்தனை இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நடைவழியில் நின்று, நான்கைந்து பேர், ஒலிபெருக்கி இல்லாமல், இரண்டு பாட்டு. கேட்க விரும்பாதவர் தம் அறைக்கதவை மூடிக்கொள்ள வழி இருக்க வேண்டும். கட்டிலைச் சூழ்ந்து நின்று பாடினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

தாத்தா வேடத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான குழந்தை அறியாத முகத்தைக் கண்டாலே மிரளும்; தாடியும் சிவப்பு அங்கியும் அதைக் கூட்டும். ஒட்டுத்தாடியை வார்டுக்கு வார்டு கொண்டுபோவதும் சுத்தமன்று. பெரிய பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வாசலில் நின்று கையசைக்கட்டும். வரலாம் என்று குழந்தை சொன்ன பிறகு உள்ளே வரட்டும்.

எனக்கு லேசான சளிதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு போகலாமா?

வேண்டாம். உங்களுக்கு லேசான சளி. கட்டிலில் இருப்பவருக்கு அது நிமோனியா. உலகின் வடபாதியில் டிசம்பர் குளிர்காலம். இன்ஃப்ளூயன்சாவும் பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமியும் பரவுகிற பருவம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்திருந்தால், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை போகக்கூடாது. இன்ஃப்ளூயன்சா அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும் என்பதால், நலமாக இருப்பவரும் கையைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும்: மருத்துவமனைத் தேய்ப்பு நீர்மம் (ஆல்கஹால் கலந்த சானிடைசர்) என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 நொடி, ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னும் பின்னும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவற்றுக்குத் தேய்ப்பு நீர்மம் போதாது. சோப்பும் நீருமே நம்பத்தக்கவை.

நோயாளி கிறிஸ்தவர் இல்லை என்றால் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லலாமா? ஜெபிக்கலாமா?

வாழ்த்துச் சொல்வதில் தவறில்லை. அவருக்கு அது பிடிக்கிறதா என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜெபம் வேறு. அவராகக் கேட்டால் ஜெபியுங்கள். கேட்கவில்லை என்றால் வீட்டில் ஜெபியுங்கள். எழுந்து போக முடியாத ஒருவரிடம் சமயப் பிரசுரத்தைப் பரிசுப் பைக்குள் வைத்துக் கொடுப்பது, அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மறுக்கும் உரிமையைப் பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

பிள்ளைகளை அழைத்துப்போகலாமா?

வயது வரம்பை முதலில் கேளுங்கள். பல வார்டுகளில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தால், என்ன பார்க்கப்போகிறார்கள் என்பதை முன்பே சொல்லுங்கள்: குழாய்கள், முடி உதிர்ந்த தலை, அழும் ஒருவர். அழைத்துப்போக முடியாவிட்டால் அட்டை வரையச் சொல்லுங்கள். “விரைவில் குணமடையுங்கள்” என்று எழுத வேண்டாம். குணமாகாத நோயாளியின் கைக்கும் அது போகும். ஒரு பூனைப் படம் போதும். அட்டையில் மினுமினுப்புத் தூள் வேண்டாம். அது எல்லா இடத்திலும் ஒட்டும்.

நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?

பொருள்கள் நிறைந்த வண்டியைப் படமெடுங்கள். நோயாளியை வேண்டாம், அவர் சம்மதித்தாலும் வேண்டாம். கையில் பரிசோடு நிற்கிற ஒருவரிடம் “எடுக்கலாமா?” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? பின்னணியில் தெரியும் அடுத்த கட்டில்காரரிடம் யாரும் கேட்பதும் இல்லை. கணக்கு கேட்பவர்களுக்கு ரசீதும் செலவு விவரமும் கொடுங்கள். நன்கொடையாளருக்கு உரியது அதுதான்.

மருத்துவமனை வாசனையே எனக்கு ஆகாது. கையில் பணமும் அதிகம் இல்லை. நான் என்ன செய்யலாம்?

இரத்தம் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பரிசுகளையும்விட உறுதியாகப் பயன்படக்கூடியது அது. சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். ஆனால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் ஆயுள் வெறும் 5 முதல் 7 நாள். பண்டிகைக்கு முந்தைய வாரம் கொடையாளர்கள் கடைவீதியிலும் பயணத்திலும் இருக்க, புற்றுநோய் மருந்தால் தட்டணு குறைந்தவருக்கோ விடுமுறை இல்லை. முன்பே சேமித்து வைத்து ஈடுகட்டவும் வழியில்லை. 23, 24 தேதிகளிலோ, 26க்குப் பிறகோ கொடுக்க முடியுமா என்று இரத்த வங்கியிடம் கேளுங்கள். எடை, ஹீமோகுளோபின், எடுத்துக்கொள்ளும் மருந்து ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உடல்நிலை அதற்கும் இடம் தராவிட்டால், துணைக்கு இருப்பவரின் வீட்டுப் பிள்ளையை ஒரு மாலை பார்த்துக்கொள்வதும், அவரை வண்டியில் கொண்டுவிடுவதும் பணம் கேட்காத உதவிகள்.

தெருவில், பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

தூங்குபவரை எழுப்பாதீர்கள். மேலிருந்து நீட்டாதீர்கள், சற்றுக் குனிந்தோ அமர்ந்தோ கண்மட்டத்தில் பேசுங்கள். “உங்களுக்கு உதவ வந்தேன்” என்பதைவிட “என்னிடம் இரண்டு போர்வை இருக்கிறது, ஒன்று உங்களுக்குப் பயன்படுமா?” என்பது நல்ல தொடக்கம். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். ஐந்து பேராகச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். குளிர் நாடுகளில் உலர்ந்த காலுறை பெரிய பரிசு. ஈரத்துணி உடல் வெப்பத்தை வேகமாக இழக்கச் செய்யும்.

கிறிஸ்துமஸ் தாத்தா உருவத்துக்கு மூலமான, 4ஆம் நூற்றாண்டில் மிரா நகரின் ஆயராக இருந்த நிக்கோலாஸைப் பற்றிய மரபுக்கதை இந்த இடத்தில் பொருந்தும். சீர்கொடுக்க வழியில்லாத ஒரு தந்தையின் மூன்று பெண்களுக்காக அவர் இரவில் வந்து, யாரும் பாராமல் பொன்முடிப்பை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்கிறது அது. வாங்குபவர் நன்றி சொல்லக் கடமைப்படாதபடி கொடுத்தார் என்பதுதான் கதையின் நயம். வேடத்தை எடுத்துக்கொண்ட நாம் அதை விட்டுவிட்டோம். மருந்துக் கடையில் ஒருவருடைய சீட்டுக்கான தொகையைக் கடைக்காரரிடம் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் போவது இந்த வகை.

பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்களே?

சிலர் குடிப்பார்கள். உங்களுக்கு அது உறுத்தினால் பொருளாகக் கொடுங்கள், அல்லது அவர்களோடு ஆண்டு முழுவதும் பணிசெய்யும் அமைப்பிடம் கொடுங்கள்; இரண்டும் நியாயமான முடிவுகள். ஆனால் கொடுத்தபின் கையைப் பிடித்துக் கணக்குக் கேட்காதீர்கள். நம் உறவினருக்குக் கொடுத்த பண்டிகைப் பணம் எங்கே போனது என்று நாம் கேட்பதில்லை. அந்நியர் ஏழை என்பதால் மட்டும் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று கைபேசியில் வரும் செய்திகளை நம்பலாமா?

டிசம்பரில் உண்மையானவையும் கூடும், பொய்யானவையும் கூடும். செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல், மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி அழைத்து, அந்த நோயாளியின் கணக்கில் நேரடியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். இன்னும் எளிய வழி, மேலே குறிப்பிட்ட மருத்துவ சமூகப் பணியாளரைக் கேட்பது. பணமின்றி வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாரும் 25ஆம் தேதிதான் வருகிறார்கள். ஒரு நாள் போய்விட்டு வருவது நம் மனத்திருப்திக்குத்தானே?

ஓரளவு ஆம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2008இல் எலிசபெத் டன் என்னும் உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் சிலருக்குக் காலையில் 5 அல்லது 20 டாலர் கொடுத்து, பாதிப் பேரைத் தமக்காகவும் பாதிப் பேரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி கிடைக்கிறது என்பதற்காகக் கொடை பொய்யாகிவிடாது.

ஆனால் தேதியைப் பற்றிய குறை உண்மையானது. 24ஆம் தேதி ஒரே வார்டுக்கு நான்கு குழுக்கள் வந்து, குழந்தைகள் களைத்து அழுததைப் பார்த்திருக்கிறேன். ஜனவரி 3ஆம் தேதி அதே வார்டில் அலங்காரத்தைக் கழற்றிய ஒட்டுநாடாத் தழும்புதான் மிச்சம். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6ஆம் தேதி ஞானிகள் வருகைத் திருநாள் வரை நீள்கிறது. ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் கீழைத் திருச்சபைகளுக்கு ஜனவரி 7தான் கிறிஸ்துமஸ். ஞானிகளே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். இப்போது நாங்கள் 27க்குப் பிறகுதான் போகிறோம்.

“மறுபடி வருவீர்களா?” என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

முடியாது என்றால் “வருகிறேன்” என்று சொல்லாதீர்கள். நம் பேச்சில் விடைபெறும் சொல்லே அதுவாக இருப்பதால் வாய் தவறி வந்துவிடும். ஆனால் படுக்கையில் இருப்பவர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருப்பார். “எனக்கு மறுபடி வர முடியாது; இன்று உங்களோடு பேசியது நன்றாக இருந்தது” என்று சொல்வது கடினம்; ஆனாலும் சொல்லுங்கள். முடியும் என்றால் நாளைச் சொல்லுங்கள்: வியாழன் மாலை 4 மணி. அவருடைய குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். வெளியே வரும்போது செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். வியாழனுக்குள் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டால், எங்கே தேடுவது என்று செவிலியர்தான் சொல்ல முடியும்.